வாசகர் கேள்வி - பதில்: சிறுவர் விவாத மேடையும் அறிவுப் போட்டிகளும்

தொடக்கப் பள்ளி மாணவர்கள் கலந்துகொள்ளும் போட்டிகளைப் பற்றி வந்த கடிதங்களில் ஒரே பொருள் உடையவற்றை ஒன்றாக்கி, எழுதியவர்களின் பெயர்களைத் தவிர்த்து இங்கே வெளியிடுகிறோம்.

கேள்வி: என் மகள் மூன்றாம் வகுப்பில் படிக்கிறாள். ஆசிரியை எழுதித் தரும் உரையை ஓரெழுத்துப் பிசகாமல் ஒப்பித்து விவாதப் போட்டிகளில் பரிசு வாங்கி வருகிறாள். அண்மையில் எதிரணிச் சிறுவன் எழுந்து ஒரு கேள்வி கேட்டதும் பதில் சொல்லத் தெரியாமல் அப்படியே நின்றுவிட்டாள். அவளை எப்படித் தயார் செய்வது?

பதில்: உங்கள் மகளிடம் குறை எதுவும் இல்லை. அவளுக்கு இதுவரை கற்றுத் தந்தது பேச்சுப் போட்டிக்கு உரிய திறன். அவளை நிறுத்திய மேடையோ விவாதத்துக்கு உரியது. பேச்சுப் போட்டியில் தயாரித்து வந்ததைத் தெளிவாகச் சொன்னால் போதும். விவாதத்தில் பாதி வேலை எதிரில் இருப்பவர் பேசிக்கொண்டிருக்கும்போதே நடக்கிறது: அவர் சொல்வதைக் கேட்டு, அதில் எது முக்கியம் என்று பிரித்தறிந்து, அதற்கு ஒரு மறுமொழியை மனத்துக்குள் உருவாக்கிக்கொள்ள வேண்டும். பெரியவர்கள் எழுதிக் கொடுக்கும் உரை அந்தப் பாதியைத் தொடுவதே இல்லை. ஆசிரியரின் சொற்களுக்கு மாணவியின் கையில் பரிசு கொடுத்துவரும் நடுவர்களுக்கும் இதில் பங்கு உண்டு என்பதையும் சொல்லத்தான் வேண்டும்.

எதிர்க்கருத்தைக் கவனித்து அதற்குப் பதில் சொல்வது குழந்தைகளுக்குத் தானாக வந்துவிடுவதில்லை. அமெரிக்காவின் கொலம்பியா பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த டியானா குன் வாதத் திறனைப் பற்றிப் பல ஆண்டுகள் ஆராய்ந்தவர். வாதம் செய்யச் சொன்னால் இளம் மாணவர்கள் தங்கள் பக்கத்துக் காரணங்களையே அடுக்கிக்கொண்டு போகிறார்கள் என்பதும், எதிர்த்தரப்பு சொன்னதை எடுத்து அதை வலுவிழக்கச் செய்ய முயல்வது குறைவு என்பதும் அவர் கண்டவை. நடுநிலைப் பள்ளி மாணவர்களை இருவர் இருவராக அமர்த்தி, மாற்றுக் கருத்துடைய மற்றோர் இணையோடு நீண்ட காலம் உரையாட வைத்தபோது அந்தத் திறன் வளர்ந்தது. உங்கள் மகள் அந்த மாணவர்களைவிடவும் சிறியவள் என்பதால் இன்னும் பொறுமை தேவை. உரையை மெருகேற்றுவதில் செலவிடும் நேரத்தில் ஒரு பகுதியையாவது எதிரில் ஒருவரை அமர்த்திப் பேச வைப்பதற்கு ஒதுக்குங்கள்.

வீட்டில் நீங்களே எதிரணியாக இருக்கலாம். நீங்கள் ஒரு காரணத்தைச் சொன்ன பிறகு, அவள் பதில் சொல்வதற்கு முன் நீங்கள் சொன்னதைத் தன் சொற்களில் திருப்பிச் சொல்ல வேண்டும்; "ஆம், நான் சொன்னது அதுதான்" என்று நீங்கள் ஒப்புக்கொண்ட பிறகே அவளுடைய முறை. இந்த ஒரு விதி போதும், சில வாரங்களில் அவள் கேட்கும் விதமே மாறிவிடும். பிறகு பக்கத்தை மாற்றிக்கொள்ளுங்கள். மேடைக்குப் போகும்போது தொடக்க வாக்கியங்கள் இரண்டை மட்டும் மனப்பாடமாக வைத்துக்கொண்டு, மற்றவற்றுக்கு ஓர் அட்டையில் மூன்று நான்கு சொற்களைக் குறித்துக்கொள்ளட்டும். கேள்வி வந்தால் உடனே பதில் சொல்லியே ஆக வேண்டும் என்ற எண்ணத்தையும் அவளிடமிருந்து அகற்றுங்கள். "சற்று யோசித்துச் சொல்கிறேன்" என்பதும் மேடையில் சொல்லத்தக்க வாக்கியமே.

1988 முதல் நடைபெற்றுவரும் உலகப் பள்ளிகள் விவாதப் போட்டியில், அணிக்கு மூவர் ஆளுக்கு எட்டு நிமிடம் பேசுகிறார்கள். அந்த எட்டில் முதல் நிமிடத்திலும் கடைசி நிமிடத்திலும் எதிரணி குறுக்கிடக் கூடாது. இடைப்பட்ட நேரத்தில் எழுந்து கேள்வி கேட்கலாம், பேசுபவர் அதை ஏற்கவும் செய்யலாம், மறுக்கவும் செய்யலாம். மேல்நிலைப் பள்ளி மாணவர்களுக்கே இவ்வளவு பாதுகாப்பு இருக்கிறது. எட்டு வயதுக் குழந்தைக்கு இரண்டு நிமிடப் பேச்சு, முடிந்தபின் ஒரே ஒரு கேள்வி, பதிலுக்கு முன் தன் அணியினரோடு கலந்து பேச அரை நிமிடம் என்று பள்ளியில் விதி வகுக்கச் சொல்லிக் கேட்டுப் பாருங்கள்.

கேள்வி: மூன்றாம் வகுப்பு முதல் ஐந்தாம் வகுப்பு வரை உள்ள மாணவர்களுக்கு எங்கள் பள்ளியில் விவாத மன்றம் தொடங்கவிருக்கிறோம். தலைப்புகளை எப்படித் தேர்ந்தெடுப்பது?

பதில்: ஒரு மன்றம் உருப்படுவதும் படுத்துவிடுவதும் பெரும்பாலும் தலைப்பில்தான் இருக்கிறது. குழந்தை தன் சொந்த அனுபவத்திலிருந்து ஒரு காரணத்தையாவது எடுக்க முடிகிற தலைப்பாக இருந்தால் அவளே பேசுவாள். இல்லையென்றால் அவள் தந்தையோ இணையமோ பேசும். "அணு ஆற்றல் வரமா சாபமா" என்று ஒன்பது வயதுப் பிள்ளையிடம் கொடுத்தால் வருவது இரவல் சொற்கள்தாம். "விளையாட்டு வகுப்பில் அணிகளை ஆசிரியரே பிரிக்க வேண்டும்" என்று கொடுத்துப் பாருங்கள். கடைசிவரை யாராலும் அழைக்கப்படாமல் நின்ற அனுபவமுள்ள குழந்தை அன்று தயாரிப்பே இல்லாமல் எழுந்து பேசும்.

இரண்டு பக்கமும் நேர்மையாகப் பேச இடமிருக்கிறதா என்று அடுத்துப் பாருங்கள். "தூய்மை நல்லது" என்பதற்கு எதிரணியே கிடையாது. உண்மையா பொய்யா என்று சரிபார்த்து முடித்துவிடக் கூடிய செய்திகளும் விவாதத்துக்கு உதவா. "நூலகத்தில் படக்கதைப் புத்தகங்களுக்கும் பாடப் புத்தகங்களுக்குச் சமமான இடம் தர வேண்டும்", "விலங்குக் காட்சிச் சாலைகளை மூடிவிட வேண்டும்", "வார விடுமுறையில் வீட்டுப்பாடம் கூடாது" போன்று ஒரு முடிவை முன்மொழியும் வாக்கியமாகத் தலைப்பு அமைந்தால், ஏற்பவர் யார், மறுப்பவர் யார் என்பதில் குழப்பம் வராது. கடைசியாகச் சொன்ன தலைப்பில் வகுப்பே ஒரு பக்கம் சாய்ந்துவிடும் என்பதால் அதை முதல் விவாதமாக வைக்காதீர்கள்.

தாயா தந்தையா, மகனா மகளா என்ற வகைத் தலைப்புகளை அறவே விலக்குங்கள். பெரியவர்களின் மேடையில் அவை நகைச்சுவைக்குப் பயன்படலாம். பெற்றோரில் ஒருவரை இழந்த குழந்தையோ, பிரிந்து வாழும் பெற்றோரின் குழந்தையோ வகுப்பில் அமர்ந்திருக்கும்போது அந்தத் தலைப்பு என்ன செய்யும் என்று யோசித்தால் போதும். குடும்ப வருமானம், வழிபாடு, உடலமைப்பு ஆகியவற்றைத் தொடுபவையும் அப்படியே. எந்தப் பக்கம் யாருக்கு என்பதைச் சீட்டுக் குலுக்கி முடிவு செய்யுங்கள். தலைப்பை ஒரு வாரத்துக்கு முன் தராதீர்கள். முந்தைய நாள் தந்தால் பெற்றோர் உரை எழுதித் தருவது பெருமளவு குறையும்.

கேள்வி: தான் நம்பாத ஒரு கருத்துக்காகக் குழந்தையை வாதாட வைப்பது பொய் சொல்லக் கற்றுக்கொடுப்பது ஆகாதா?

பதில்: இந்தத் தயக்கம் நியாயமானது, பல பெரியவர்கள் வாய்விட்டுக் கேட்காமல் மனத்துக்குள் வைத்திருப்பதும் இதுதான். பக்கம் குலுக்கலில் கிடைத்தது என்பது அரங்கில் இருக்கும் எல்லாருக்கும் தெரிந்திருக்கும்போது அங்கே யாரும் ஏமாற்றப்படுவதில்லை. ஆனாலும் சின்னக் குழந்தைகள் சொன்னதைச் சொந்தமாக்கிக்கொள்ளக் கூடும் என்பதால், விவாதம் முடிந்தவுடன் அணிகளைக் கலைத்துவிட்டு, "இப்போது உன் சொந்தக் கருத்து என்ன, எந்தக் காரணம் உன்னை அசைத்தது" என்று ஒவ்வொருவரையும் கேட்கும் வழக்கத்தைக் கட்டாயமாக வைத்துக்கொள்ள வேண்டும். அந்தப் பத்து நிமிடத்தை நேரமில்லை என்று வெட்டிவிடும் பள்ளிகளில் உங்கள் அச்சம் உண்மையாகிவிட வாய்ப்பு உண்டு. தன் மனம் ஒப்பவே ஒப்பாத பக்கம் கிடைத்துக் குழந்தை கலங்கினால், அந்த ஒரு முறை மாற்றிக் கொடுத்துவிடலாம். இதற்கெல்லாம் விறைப்பாக நிற்க வேண்டியதில்லை.

கேள்வி: கணிதம், அறிவியல், மொழி, பொது அறிவு என்று ஒரே ஆண்டில் பல ஒலிம்பியாட் தேர்வுகளுக்கான விண்ணப்பங்கள் மகனின் பள்ளிப் பைக்குள் வருகின்றன. அவன் நான்காம் வகுப்பு. எல்லாவற்றுக்கும் அனுப்ப வேண்டுமா? எதை நம்புவது?

பதில்: எல்லாவற்றுக்கும் அனுப்ப வேண்டாம். ஒன்று போதும், அதுவும் அவனுக்கு விருப்பம் இருந்தால்.

ஒலிம்பியாட் என்ற பெயருக்குத் தனியுரிமை கிடையாது என்பதை முதலில் மனத்தில் கொள்ளுங்கள். 1959இல் ருமேனியாவில் ஏழு நாடுகளோடு தொடங்கிய பன்னாட்டுக் கணித ஒலிம்பியாட் மேல்நிலைப் பள்ளி மாணவர்களுக்கானது. இரண்டு நாட்களில், நாளொன்றுக்கு நான்கரை மணி நேரத்தில், மொத்தம் ஆறு கணக்குகள். ஒவ்வொன்றுக்கும் ஏழு மதிப்பெண், விடையை மட்டும் எழுதினால் போதாது, நிறுவிக் காட்ட வேண்டும். ஒரு மணி நேரத்தில் நாற்பது ஐம்பது கொள்குறி வினாக்களுக்குப் பென்சிலால் வட்டம் நிரப்பும் தேர்வுக்கு அதே பெயரைச் சூட்டுவதால் அது அந்தக் குடும்பத்தைச் சேர்ந்ததாகிவிடாது.

கொள்குறித் தேர்வு என்பதாலேயே ஒன்று தாழ்ந்ததும் அல்ல. ஆஸ்திரேலியாவில் 1978இல் நாடு முழுவதற்குமாகத் தொடங்கிய கணிதப் போட்டியைப் பார்த்து, 1991இல் பிரான்சில் இரு கணித ஆசிரியர்கள் தொடங்கிய "கங்காரு" போட்டி இன்று பல நாடுகளில் நடைபெறுகிறது. பெயரில் உள்ள விலங்கு அந்த ஆஸ்திரேலியத் தொடர்பால் வந்தது. அதில் சிறு வகுப்பினருக்கான வினாத்தாள் பொதுவாக 24 கேள்விகளைக் கொண்டது: எட்டுக் கேள்விகளுக்கு 3 மதிப்பெண், அடுத்த எட்டுக்கு 4, கடைசி எட்டுக்கு 5. தொடக்கத்தில் உள்ளவை ஏறக்குறைய எல்லாக் குழந்தைகளாலும் செய்யக் கூடியவை என்பதால் யாரும் வெறுங்கையோடு எழுந்து போவதில்லை.

எந்தத் தேர்வானாலும் விண்ணப்பத்தை நிரப்புவதற்கு முன் பழைய வினாத்தாள் ஒன்றை வாங்கி நீங்களே உட்கார்ந்து போட்டுப் பாருங்கள். இரண்டு வினாக்களை எடுத்துக்கொள்வோம். 345ஐ 27ஆல் பெருக்குக என்பது ஒன்று. ஒரு நேர்கோட்டில் இரண்டு மீட்டர் இடைவெளியில் பத்துக் கம்பங்கள் நடப்பட்டுள்ளன, முதல் கம்பத்துக்கும் கடைசிக் கம்பத்துக்கும் இடையே உள்ள தொலைவு என்ன என்பது மற்றொன்று. இரண்டாவது கேள்விக்குத் தேவைப்படும் கணக்கு இரண்டாம் வகுப்புக் குழந்தைக்கும் தெரிந்ததுதான். ஆனால் இருபது என்று அவசரப்பட்டுச் சொன்னவர், படம் வரைந்து பார்த்ததும் இடைவெளிகள் ஒன்பதே என்று கண்டு பதினெட்டுக்கு வருவார். முதல் வகை வினாக்களே நிறைந்து, அடுத்த வகுப்புப் பாடங்களை ஓராண்டு முன்கூட்டி நுழைக்கும் தாள் என்றால் அந்த விண்ணப்பத்தைப் பைக்குள்ளேயே விட்டுவிடலாம். தேர்வுக்குப் பிறகு விளக்கமான விடைகளைத் தருகிறார்களா, தரவரிசை எண்ணை மட்டும் அனுப்புகிறார்களா என்பதையும் விசாரியுங்கள். எழுதிய அத்தனை பேருக்கும் பதக்கம் என்று அறிவித்து, அடுத்த சுற்றுக்குக் கூடுதல் கட்டணம் கேட்கும் அமைப்பு என்றால் அங்கே நடப்பது வணிகம்.

கேள்வி: வினாடி வினாவில் தோற்றதிலிருந்து என் பேரன் எந்தப் போட்டிக்கும் வர மறுக்கிறான். "நீ புத்திசாலிடா, அடுத்த முறை வெல்வாய்" என்று எவ்வளவு சொல்லியும் பயனில்லை.

பதில்: ஐயா, தாங்கள் அன்பால் சொல்லும் அந்தச் சொற்களே தடையாக இருக்கலாம். 1998இல் கிளாடியா மியூல்லர், கேரல் டுவெக் என்ற இரு உளவியலாளர்கள் ஐந்தாம் வகுப்பு மாணவர்களிடம் நடத்திய சோதனைகளை வெளியிட்டார்கள். சில புதிர்களைச் செய்து முடித்ததும் ஒரு பிரிவினரைப் புத்திசாலி என்றும், மற்றொரு பிரிவினரை நன்றாக முயன்றாய் என்றும் பாராட்டினார்கள். அடுத்து எல்லாருக்கும் கடினமான புதிர்கள் தரப்பட்டுத் தோல்வி நேர்ந்தது. அதற்குப் பின் புத்திசாலி என்று அழைக்கப்பட்டவர்களுக்கே ஆர்வம் அதிகம் குறைந்தது, மறுபடி எளிய புதிர்களைத் தந்தபோதும் முன்பைவிட மோசமாகச் செய்தார்கள். இந்தத் துறையின் பிற்கால ஆய்வுகள் சிலவற்றில் விளைவு சிறிதாகவே தென்பட்டதால் இதை மந்திரமாகக் கொள்ள வேண்டியதில்லை. ஆனாலும் தங்கள் பேரனின் மனநிலைக்கு இது பொருந்துகிறது: வென்றால் புத்திசாலி என்றால், தோற்றவன் யார் என்ற கேள்வி அவனுக்குள் எழுந்திருக்கும்.

இப்போதைக்கு அழைக்காதீர்கள். ஒரு பருவம் முழுவதும் போட்டியே இல்லாமல் போனால் எதுவும் கெட்டுப்போகாது. வீட்டில் அவனை வினா தயாரிப்பவனாக ஆக்கி, தாங்களும் மற்றவர்களும் பதில் சொல்பவர்களாக அமருங்கள். தாத்தாவுக்கு விடை தெரியாமல் போவதையும், அதைச் சிரித்துக்கொண்டே ஒப்புக்கொண்டு விளக்கம் கேட்பதையும் அவன் பார்க்கட்டும். அவனாக வர விரும்பும்போது தனிநபர் போட்டியைத் தவிர்த்து அணிப் போட்டியாகப் பார்த்துச் சேருங்கள்.

கேள்வி: பரிசே தராமல் போட்டி நடத்த முடியுமா?

பதில்: முடியும், வகுப்பறைக்குள் நடப்பவற்றுக்கு அதுவே நல்லது. மார்க் லெப்பர், டேவிட் கிரீன், ரிச்சர்ட் நிஸ்பெட் ஆகியோர் 1973இல் வெளியிட்ட ஆய்வில், வண்ணப் பேனாக்களால் வரைவதில் முன்பே ஆசை கொண்டிருந்த மழலைப் பள்ளிக் குழந்தைகளில், வரைந்தால் சான்றிதழ் தருவோம் என்று முன்கூட்டிச் சொல்லப்பட்டவர்கள் சில நாட்களுக்குப் பின் தாமாக வரைவதைக் குறைத்துக்கொண்டார்கள். எதிர்பாராமல் அதே சான்றிதழைப் பெற்றவர்களிடம் அந்தக் குறைவு இல்லை. ஆகவே பரிசு தரத்தான் வேண்டுமென்றால் அதை விளம்பரத்தின் முதல் வரியில் போடாதீர்கள். பள்ளிகளுக்கு இடையேயான போட்டியில் கோப்பை இருக்கட்டும்; அது அணியின் பெயரால் பள்ளியில் நிற்கட்டும்.

கேள்வி: பணி ஓய்வு பெற்ற ஆசிரியை நான். நான்காம், ஐந்தாம் வகுப்பு விவாதத்துக்கு நடுவராக அழைத்திருக்கிறார்கள். மதிப்பெண் வழங்கும் முறை சொல்லுங்கள்.

பதில்: உலகப் பள்ளிகள் முறையில் நூற்றுக்கு நாற்பது உள்ளடக்கத்துக்கு, நாற்பது பேசும் பாங்குக்கு, இருபது உத்திக்கு. தொடக்கப் பள்ளியில் பேசும் பாங்குக்கு இவ்வளவு கொடுத்தால், வீட்டில் பேச்சுப் பயிற்சி கிடைக்கிற குழந்தையே ஒவ்வொரு முறையும் வெல்லும் என்பது என் கருத்து. பத்து மதிப்பெண் என்று வைத்துக்கொண்டால், சொந்தக் காரணங்களுக்கு நான்கு, எதிரணி சொன்னதற்குப் பதில் சொன்னதற்கு நான்கு, கேட்கும்படி தெளிவாகப் பேசியதற்கு இரண்டு என்று பிரிக்கலாம். அடுக்குமொழிக்கும் கைவீச்சுக்கும் தனியே எதுவும் வேண்டாம். உச்சரிப்புப் பிழைக்கோ திக்கலுக்கோ மதிப்பெண் குறைக்கவே கூடாது. திக்கிப் பேசும் குழந்தைக்குக் கூடுதல் நேரம் உண்டு என்பதைத் தொடக்கத்திலேயே எல்லாருக்கும் பொதுவான விதியாக அறிவித்துவிடுங்கள்.

நீங்கள் எந்த அணியோடு உடன்படுகிறீர்கள் என்பதை ஒருபோதும் சொல்லாதீர்கள். முடிவை அறிவிக்கும்போது, எதிரணியின் எந்தக் காரணத்துக்குப் பதில் கிடைத்தது, எது பதிலில்லாமல் நின்றது என்று குறிப்பெடுத்ததைப் படித்துக் காட்டினால், தோற்ற அணிக்கும் முடிவு விளங்கும். இப்படி அறிவிக்க வேண்டுமானால் விவாதம் நடக்கையில் தலைநிமிராமல் எழுதிக்கொண்டே இருக்க வேண்டும். மாலையும் பொன்னாடையும் பிறகு பார்த்துக்கொள்ளலாம்.

கேள்வி: ஆங்கில எழுத்துக்கூட்டல் போட்டிகளால் பயன் உண்டா? வெறும் மனப்பாடம்தானே?

பதில்: பாதி உண்மை. அமெரிக்காவின் தேசிய எழுத்துக்கூட்டல் போட்டி 1925இல் தொடங்கியபோது "கிளாடியோலஸ்" என்ற பூவின் பெயரைச் சரியாகச் சொல்லிப் பதினொரு வயதுச் சிறுவன் முதல் வெற்றியாளன் ஆனான். 2019இல் இருபது சுற்றுகளுக்குப் பிறகும் எட்டுப் பேரைப் பிரிக்க முடியாமல் எண்மரும் வெற்றியாளர்களாக அறிவிக்கப்பட்டார்கள். அந்த மேடையில் சொல்லின் பொருள், அது வந்த மொழி, ஒரு வாக்கியத்தில் அதன் பயன்பாடு ஆகியவற்றைப் போட்டியாளர் கேட்டுத் தெரிந்துகொள்ளலாம். கிரேக்கச் சொல் என்றால் இந்த ஒலிக்கு இந்த எழுத்து என்று ஊகிக்கும் குழந்தை மனப்பாடத்தைத் தாண்டிவிட்டது. பட்டியலை மட்டும் உருப்போட வைப்பதானால் வேண்டாம்.

கேள்வி: நான் ஐந்தாம் வகுப்பு படிக்கிறேன். விவாதத்தின் நடுவில் எதிரணி சொல்வதுதான் சரி என்று எனக்குத் தோன்றிவிட்டால் என்ன செய்வது?

பதில்: தம்பி அல்லது தங்கை, இது நல்ல விவாதிகளுக்கு அடிக்கடி நேர்வது. அவர்கள் சொன்னதில் எவ்வளவு சரி என்று பார்த்து, அதை மட்டும் ஒப்புக்கொள். எடுத்துக்காட்டாக, காட்சிச் சாலைகளை மூட வேண்டும் என்று நீ பேசுகிறாய். அங்கே அரிய விலங்குகளின் குட்டிகளைக் காப்பாற்றி வளர்க்கிறார்கள் என்று எதிரணி சொல்கிறது. "அது உண்மைதான், அந்த வேலை தொடர வேண்டும். ஆனால் அதைச் செய்வதற்குப் பார்வையாளர்களும் கூண்டுகளும் எதற்கு?" என்று நீ கேட்கலாம். அப்படிக் கேட்க எதுவுமே மிஞ்சவில்லை என்றால், அந்தக் காரணத்தை விட்டுவிட்டு உன்னிடம் இருக்கும் அடுத்த காரணத்துக்குப் போ. ஒப்புக்கொண்டதற்காக நடுவர் மதிப்பெண் குறைத்திருந்தால், போட்டி முடிந்த பிறகு ஏன் என்று மரியாதையோடு அவரிடமே கேள்.